நம் தெருவில் வேகம் குறைய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியிருப்புத் தெருக்களிலும் ஊர்ச் சாலைகளிலும் வண்டிகளின் வேகத்தையும் இரைச்சலையும் குறைக்கச் சொல்லி மனு எழுதத் தொடங்கியிருப்பவர்களுக்காகவும், எழுதி அலுத்துப் போனவர்களுக்காகவும் இது. குடியிருப்புத் தெருவுக்கு நாம் கேட்கும் வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர். தமிழ்நாட்டுத் தெருக்களையும் அலுவலகங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வெளிநாட்டு அனுபவம் உதவும் இடங்களில் அதுவும் வரும்.

எங்கள் தெருவில் இதுவரை யாரும் சாகவில்லை. பிறகு எதற்கு இத்தனை மனு?

அலுவலகத்திலும் இதையேதான் கேட்பார்கள், சற்று நாகரிகமாக: "இங்கே விபத்துப் பதிவு ஏதாவது இருக்கிறதா?" தேசிய நெடுஞ்சாலையில் ஓர் இடத்தைக் கரும்புள்ளி என்று அறிவிக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த ஐந்து விபத்துகள் அல்லது மொத்தம் பத்து மரணங்கள் நடந்திருக்க வேண்டும். நெடுஞ்சாலைக்கு அது பொருந்தலாம். இருபதடித் தெருவில் அத்தனை பேர் விழும்வரை காத்திருக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றும் உண்டு. பல தெருக்களில் விபத்து நடக்காமல் இருப்பதற்குக் காரணம் பயம். பிள்ளைகளை வாசலில் விளையாட விடுவதில்லை. தனியாகப் பால் வாங்கப் போய்வந்த பாட்டி அதை நிறுத்திவிட்டார். சைக்கிளில் பள்ளிக்குப் போன பெண்ணை இப்போது அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார். இவற்றில் ஒன்றுகூடக் காவல் நிலையப் பதிவேட்டில் ஏறாது. மனுவில் நீங்கள்தான் ஏற்ற வேண்டும்.

புள்ளிவிவரம் வேண்டுமென்றால்: 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 மரணங்கள். இறந்தவர்களில் 71 விழுக்காட்டினர் அதிவேகத்தால் இறந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அந்த விழுக்காட்டை மட்டும் நம்பி வாதத்தைக் கட்டாதீர்கள். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்பது முதல் தகவல் அறிக்கையில் பேனா தானாகவே எழுதிவிடும் தொடர். வளைவு மோசமா, விளக்கு எரியவில்லையா என்று அதற்குப் பிறகு யாரும் தேடுவதில்லை.

30 கிலோமீட்டர் என்கிறீர்களே, அது எங்கிருந்து வந்த எண்?

உடல் தாங்கும் அளவிலிருந்தும் பிரேக் பிடிக்கும் தூரத்திலிருந்தும் வந்தது. ஒரு குழந்தை பந்தின் பின்னால் ஓடி வருகிறது என்று வையுங்கள். ஓட்டுநர் அதைப் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போக ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு வினாடிக்குள் கார் 8 மீட்டருக்குச் சற்று மேல் ஓடிவிடும். பிறகு காய்ந்த தார்ச்சாலையில் இன்னும் ஐந்து மீட்டரில் நின்றுவிடும். ஆக மொத்தம் 13 மீட்டர். 50 கிலோமீட்டரில் வரும் கார் அந்த முதல் வினாடியிலேயே ஏறத்தாழ 14 மீட்டர் ஓடியிருக்கும். முதல் கார் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் இன்னும் பிரேக்கையே தொட்டிருக்காது. முழு வேகத்தில் குழந்தையின் மீது மோதும். மழை நாளிலும், வழுக்கும் டயரிலும் இந்த இடைவெளி இன்னும் கூடும்.

மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது. அதனால்தான் வேகத்தைச் சற்றே குறைத்தாலும் உயிர்ச்சேதம் அதைவிடக் கூடுதலாகக் குறைகிறது. சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் மரணம் நேரும் விபத்துக்கான வாய்ப்பு நான்கு விழுக்காடு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக அமைச்சர்கள் மாநாட்டுப் பிரகடனம், நடப்பவரும் வண்டிகளும் கலக்கும் இடங்களில் வேகம் 30 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்றது. அதே ஆண்டு ஐ.நா. பொதுச்சபையும் அந்தப் பிரகடனத்தை ஏற்றது. மனுவில் ஒரே ஒரு பன்னாட்டுச் சான்று காட்டுவதென்றால் இதைக் காட்டுங்கள்.

இப்போது எங்கள் தெருவுக்குச் சட்டப்படி என்ன வேக வரம்பு?

பலர் அதிர்ந்து போகும் இடம் இதுதான். 2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, உள்ளாட்சி எல்லைக்குள் இருக்கும் சாலைகளில் கார்களுக்கு உச்ச வரம்பு 70 கிலோமீட்டர். இருசக்கர வண்டிக்கு 60, ஆட்டோவுக்கு 50, பஸ்ஸுக்கும் லாரிக்கும் 60. உங்கள் தெருவுக்கென்று தனியாக எதுவும் அறிவிக்கப்படவில்லை என்றால், கோலம் போட்ட வாசலைத் தாண்டி ஒரு கார் 65இல் போவது வேக வரம்பு மீறலே ஆகாது. ஆபத்தாக ஓட்டினார் என்று வேண்டுமானால் வழக்குப் போடலாம்.

ஆனால் அது உச்ச வரம்புதான். அதற்குக் கீழே இறக்க மாநில அரசுக்கும் அது அதிகாரம் அளித்த அதிகாரிக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 112ஆவது பிரிவு இடம் தருகிறது. பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ சாலையின் தன்மை கருதியோ, ஒரு பகுதிக்கு அல்லது ஒரு சாலைக்கு மட்டும் குறைந்த வரம்பை அறிவித்து, உரிய பலகை வைக்க வேண்டும். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் புதிய வரம்புகளை அறிவித்தபோது குடியிருப்புப் பகுதிகளுக்கு எல்லா வண்டிகளுக்கும் 30 கிலோமீட்டர் என்றது. சென்னைவாசிகளுக்கு ஆக வேண்டியது, அந்த அறிவிப்பைத் தங்கள் தெருமுனைவரை கொண்டுவருவது. மற்ற ஊர்க்காரர்கள் அதையே முன்மாதிரியாகக் காட்டிக் கேட்கலாம்.

112ஆவது பிரிவில் அதிகம் பேசப்படாத ஒரு சலுகை இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்படாத கட்டுப்பாடு என்றால் அரசிதழ் அறிவிக்கை தேவையில்லை. "நிரந்தரமாகச் செய்ய மேலிடத்து அனுமதி வேண்டும்" என்று கைவிரிக்கும் அதிகாரியிடம், "ஒரு மாதம் சோதனையாகச் செய்து பாருங்கள்" என்று கேட்பதற்கு இதைவிட நல்ல பிடி இல்லை.

30 என்று பலகை வைத்தால் குறைத்துவிடுவார்களா?

மாட்டார்கள். பலகை வேண்டும், அது இல்லாமல் அபராதம் போட முடியாது. ஆனால் வண்டி ஓட்டுகிறவர் பலகையைப் படிப்பதில்லை, சாலையைப் படிக்கிறார். நேராக, அகலமாக, வழவழப்பாகப் போட்டு வைத்த சாலை அவரை 60இல் போகச் சொல்கிறது. ஓரத்தில் இருக்கும் ஒரு சிறு வட்டத் தகரம் 30 என்கிறது. எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு புதுத் தார்ச்சாலை போட்ட வாரத்திலும் இதைப் பார்க்கலாம்.

நெதர்லாந்து இதைக் கசப்பான வழியில் கற்றது. 1971இல் அந்தச் சிறிய நாட்டில் 3,000க்கும் மேற்பட்டோர் சாலைகளில் இறந்தனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். மகளை இழந்த ஒரு பத்திரிகையாளர் 1972இல் எழுதிய கட்டுரையிலிருந்து "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற இயக்கம் பிறந்தது. பெற்றோர் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். அதே காலத்தில் டெல்ஃப்ட் நகரத்தார் தெருவின் நடுவே மரம், பெஞ்சு, திருப்பம் எல்லாம் வைத்து, கார் நடை வேகத்துக்கு மேல் போக முடியாதபடி செய்துவிட்டார்கள். அங்கே குழந்தைகள் தெருவின் முழு அகலத்திலும் விளையாடலாம். 1976இல் அதற்குச் சட்ட அங்கீகாரமும் கிடைத்தது. வூனெர்ஃப் என்று அந்த வகைத் தெருவுக்குப் பெயர்.

நம் தெருவில் கேட்கக்கூடியவை இவை. பள்ளி வாசலில், நடப்பவர்கள் சாலையைக் கடக்க, நடைபாதை மட்டத்துக்கே உயர்த்திய கடவை. தெருமுனை வளைவைக் குறுக்குவது: அகலமான முனையில் வண்டி வேகம் குறையாமல் திரும்பும், குறுகலான முனையில் அப்படித் திரும்ப முடியாது. நான்கு தெரு கூடும் இடத்தில் ஒரு சிறு வட்டத் திட்டு. ஓரத்தில் வெள்ளைக்கோடு இழுத்து ஓடுபாதையைக் குறுக்குவது. இதற்குப் பெயிண்ட் செலவு மட்டுமே. இவற்றில் எதைக் கேட்டாலும் "இடமில்லை" என்பார்கள். வேகத்தைக் குறைக்க இடம் தேவையில்லை, இடத்தைக் குறைப்பதுதான் வேலை என்று பொறுமையாக விளக்குங்கள். காவல்துறையின் இரும்புத் தடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து ஒரு மாதம் சோதித்துப் பார்க்கச் சொல்லலாம். நகைக்கடை விளம்பரம் எழுதிய தடுப்புகள் ஊரெங்கும் சும்மாதானே சாய்ந்து கிடக்கின்றன.

நாங்களே வேகத்தடை போட்டுக்கொண்டால் என்ன?

வேண்டாம். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு மூட்டை சிமெண்டும் தயாராக இருக்கும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி, வண்டிகள் சுமார் 25 கிலோமீட்டரில் கடக்க வேண்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய வளைவாக இருக்க வேண்டும். வண்டி அதில் ஏறி இறங்க வேண்டும், இடித்துக் குதிக்கக்கூடாது. ராத்திரியோடு ராத்திரியாக நம் ஆட்கள் போடுவது ஒரு முழ அகலத்தில் ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும். வெள்ளைப் பட்டை இருக்காது, எச்சரிக்கைப் பலகை இருக்காது, தெருவிளக்கும் அங்கே எரியாது. பைக்கின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வரும் பெண்ணைத் தூக்கி எறிவது அதுதான். கர்ப்பிணி, முதுகுத்தண்டுவட நோயாளி, ஆட்டோவில் வரும் முதியவர் எல்லோருக்கும் அது தண்டனை. கார்க்காரர் மட்டும் ஒன்றும் ஆகாமல் போவார்.

சட்டப்படி சாலையைச் சேதப்படுத்திய வழக்கும் வரலாம். அங்கே யாராவது விழுந்து இறந்தால் தெருக்காரர்கள் பதில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே அப்படி ஒன்று உங்கள் தெருவில் இருந்தால், அளவுப்படி மாற்றித் தரச் சொல்லி மனுக் கொடுங்கள். எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் சும்மா இருந்துவிடாதீர்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடையே அனுமதி இல்லை. அங்கே வேறு வழிகளைத்தான் கேட்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் தாமதமாகுமே?

நியாயமான கேள்வி, ஆனால் கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஆம்புலன்ஸைப் பற்றிக் கவலைப்பட்டுக் கேட்பதில்லை. மருத்துவமனைக்குப் போகும் முக்கியச் சாலையில் வேகத்தடையைத் தவிர்த்து, வளைவுகள், கடவைகள், கேமரா என்று கேளுங்கள். உட்தெருக்களில் அளவுப்படி அமைத்த தடை ஆம்புலன்ஸுக்குச் சில வினாடிகளையே எடுக்கும். உட்தெருவில் ஆம்புலன்ஸை உண்மையில் நிறுத்துவது இருபுறமும் தாறுமாறாக நிறுத்திய கார்கள்.

எந்த அலுவலகத்துக்குப் போவது?

இயக்கங்களில் பாதி இங்கேதான் தோற்கின்றன. மாநகராட்சிக்கு எழுதினால் "இது நெடுஞ்சாலைத் துறைச் சாலை" என்று பதில் வரும். நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதினால் "வேகக் கட்டுப்பாடு காவல்துறை பொறுப்பு" என்பார்கள். காவல்துறை "தடை அமைப்பது உள்ளாட்சி" என்று சொல்லி வட்டத்தை முடித்துவைக்கும். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் தொல்லை.

எனவே முதல் வேலை, சாலை யாருடையது என்று கண்டுபிடிப்பது. ஊரை ஒட்டிப் போகும் சாலை என்றால் மைல்கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மற்ற நிறம் என்றால் மாவட்டச் சாலையாகவோ கிராமச் சாலையாகவோ இருக்கும். மைல்கல்லே இல்லாத உட்தெரு பெரும்பாலும் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சிக்குச் சொந்தம். ஐயம் இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேளுங்கள்: சாலையின் வகை என்ன, அகலம் என்ன, கடைசியாக எப்போது போடப்பட்டது, அந்த ஒப்பந்தத்தில் வேகத்தடையும் வெள்ளைக்கோடும் சேர்ந்திருந்தனவா, வேக வரம்பு அறிவிக்கை ஏதும் இருக்கிறதா. முப்பது நாளில் பதில் தர வேண்டும். கையில் அந்தப் பதில் இருந்தால் அடுத்த அலுவலகத்தில் "இது எங்கள் சாலை இல்லை" என்று சொல்ல முடியாது.

பிறகு மூன்று கோரிக்கையையும் பிரித்துக்கொள்ளுங்கள். கட்டுமானம் சாலையின் சொந்தக்காரரிடம்: உள்ளாட்சி என்றால் உதவிப் பொறியாளர், நெடுஞ்சாலை என்றால் உதவிக் கோட்டப் பொறியாளர். வேக வரம்பு அறிவிப்பு மாவட்டங்களில் ஆட்சியர் வழியாகவும் மாநகரங்களில் காவல் ஆணையர் வழியாகவும் நகரும். அபராதம் போடுவது போக்குவரத்துக் காவல். ஒரே மனுவை மூவருக்கும் எழுதி, ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் அவர் செய்ய வேண்டியதை மட்டும் தனியாகக் குறிப்பிட்டு, மற்ற இருவருக்கும் நகல் போடுங்கள். மூவரும் கூடும் இடமும் ஒன்று இருக்கிறது: ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு. உங்கள் கோரிக்கையை அதன் கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். தனித்தனி மேசையில் தூங்கும் காகிதம் அங்கே ஒரே மேசைக்கு வரும்.

கிராமமாக இருந்தால் கிராம சபையை விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள் கூடுகிறது. அங்கே நிறைவேறிய தீர்மானத்தின் நகல் தனிமனுவைவிடப் பல மடங்கு கனமானது. நகரத்தில் பகுதி சபையும் வார்டுக் குழுவும் அந்த இடத்தில் இருக்கின்றன. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம்.

மனுவில் என்ன எழுதினால் படிப்பார்கள்?

"வாகனங்கள் அசுர வேகத்தில் சீறிப் பாய்கின்றன" என்று எழுதினால் படிக்க மாட்டார்கள். அந்த வாக்கியம் நாளுக்கு இருபது மனுவில் வருகிறது. எண்ணை எழுதுங்கள்.

அளப்பது எளிது. சாலையோரம் 50 மீட்டர் அளந்து இரண்டு சுண்ணாம்புக் கோடு போடுங்கள். ஒரு வண்டி அதைக் கடக்க எத்தனை வினாடி என்று கைப்பேசியில் பாருங்கள். 6 வினாடி என்றால் 30 கிலோமீட்டர், நாலரை வினாடி என்றால் 40, 3.6 என்றால் 50, 3 வினாடி என்றால் 60. ஓரமாக, மாடியிலிருந்து பார்த்தால் இன்னும் நல்லது. உங்களைப் பார்த்ததும் வண்டிக்காரர் வேகம் குறைப்பார், கணக்குக் கெட்டுவிடும். நூறு வண்டியை அளந்து, மெதுவானதிலிருந்து வேகமானது வரை வரிசைப்படுத்தி, 85ஆவது வண்டியின் வேகத்தைக் குறியுங்கள். சாலைப் பொறியாளர்கள் பயன்படுத்தும் அளவு அதுதான். அதைப் பார்த்ததும் மனு எழுதியவர் விஷயம் தெரிந்தவர் என்று நிமிர்ந்து உட்காருவார்கள். இது காவல்துறையின் ரேடார் ஆகாது, வழக்குக்கு உதவாது. ரேடார் கொண்டுவந்து அளக்கச் சொல்லிக் கேட்பதற்கு உதவும்.

பள்ளி விடும் நேரத்தில் சாலையைக் கடப்பவர்கள் எத்தனை பேர் என்பதையும் எண்ணுங்கள். வண்டிகளை எண்ண அரசிடம் ஆள் இருக்கிறது, நடப்பவர்களை யாரும் எண்ணுவதில்லை. ஒரு பக்கத்தில் கையால் வரைந்த படம்: பள்ளி எங்கே, கோயில் எங்கே, வளைவு எங்கே, எந்த இடத்தில் என்ன வேண்டும். கையெழுத்துப் பட்டியல் கடைசியில். ஐந்நூறு கையெழுத்தும் எண் இல்லாத மனுவும் கொடுப்பதைவிட, ஐம்பது கையெழுத்தும் ஓர் அட்டவணையும் மேல்.

வேகத்தைவிட ஹாரன்தான் எங்களுக்குத் தொல்லை. அதற்கு என்ன வழி?

இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியவை. ஹாரன் என்பது பெரும்பாலும் வேகத்தைக் குறைக்க மனமில்லாதவர் கேட்கும் வழி. 30இல் வருபவருக்கு அதிகம் அடிக்க வேண்டிய தேவை வராது. டயர் உராயும் ஓசையும் வேகத்தோடு ஏறுவதுதான். வேகம் 50இலிருந்து 30க்கு இறங்கினால் இரண்டு மூன்று டெசிபல் குறையும். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் மூன்று டெசிபல் குறைவது பாதி வண்டிகள் காணாமல் போவதற்குச் சமம்.

சட்டம் நம் பக்கம் தாராளமாகவே இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது நூறு மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அமைதி மண்டலத்தில் எந்நேரமும், குடியிருப்புப் பகுதியில் இரவு நேரத்திலும், பொது நெருக்கடி தவிர ஹாரனே அடிக்கக்கூடாது என்று 2010இல் ஒரு விதியைச் சேர்த்தார்கள். இரவு பத்தரைக்குத் தெருமுனையில் பீப்பீ என்று அடித்து மனைவியைக் கீழே கூப்பிடுகிறவருக்கு இது தெரியாது. தேவையின்றி ஹாரன் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194 எஃப் பிரிவில் முதல் முறை ஆயிரம் ரூபாய், அடுத்த முறை இரண்டாயிரம். பல குரலில் ஒலிக்கும் ஹாரனைப் பொருத்துவதற்கே மத்திய மோட்டார் வாகன விதிகளில் தடை இருக்கிறது.

நடைமுறையில் தெருவில் நின்று ஹாரன் வழக்குப் போடுவது அரிது. பலன் தருவது வேறு. தனியார் பஸ்களின் ஏர் ஹாரனைப் பஸ் நிலையத்திலேயே கழற்றும் சோதனையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திடம் கேளுங்கள்; அதை அவ்வப்போது செய்கிறார்கள், பத்திரிகையில் படமும் வரும். உங்கள் பள்ளியோ மருத்துவமனையோ இருக்கும் இடத்துக்கு அமைதி மண்டலப் பலகை கேளுங்கள். சைலன்சரை மாற்றிய பைக்குகள் ஒரே நேரத்தில் ஒரே வழியாக வருவது வழக்கம் என்றால், அந்த நேரத்தைக் குறித்துக் கொடுங்கள்.

வெளியாட்கள்தான் வேகமாகப் போகிறார்கள். நாங்கள் என்ன செய்ய முடியும்?

ஒருநாள் மாலை எண் பலகைகளைக் குறித்துப் பாருங்கள். குறுக்குவழியாக வருபவர்களும் இருப்பார்கள், தண்ணீர் லாரியும் உணவு கொண்டுவரும் இளைஞர்களும் இருப்பார்கள். ஆனால் பட்டியலில் நம் தெருப் பையன்கள் கணிசமாக இருப்பார்கள், சங்கத்தின் பொருளாளர் காரும் இருக்கலாம். அலுவலகத்துக்குப் போவதற்கு முன் தெருக்கூட்டத்தில் இதைப் பேசிவிடுவது நல்லது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் வண்டி கொடுத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199 ஏ பிரிவில் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. இதைக் கூட்டத்தில் வாய்விட்டு ஒருமுறை படித்தால் போதும், மேற்கொண்டு உபதேசம் தேவைப்படாது.

உணவு கொண்டுவரும் இளைஞர்களை மறித்துத் திட்டுவதால் ஒன்றும் நடக்காது. அவர்களை விரட்டுவது கைப்பேசியில் ஓடும் கடிகாரம். குறுக்குவழி வண்டிகளுக்கு ஒருவழிப் பாதையோ, கனரக வண்டிகளுக்கு நேரத் தடையோ கேட்கலாம். 115ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது.

கடைக்காரர்களும் மற்றவர்களும் எதிர்த்தால்?

எதிர்ப்பார்கள். வேல்ஸ் அரசு 2023 செப்டம்பர் 17 அன்று குடியிருப்புச் சாலைகளின் பொது வரம்பை மணிக்கு 30 மைலிலிருந்து 20 மைலாக, அதாவது சுமார் 32 கிலோமீட்டராகக் குறைத்தபோது, அதை எதிர்த்து நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் வாழும் நாடு அது. அரசு பின்வாங்கவில்லை, ஆனால் சில சாலைகளைத் திரும்பப் பார்த்து மாற்ற உள்ளாட்சிகளுக்கு வழிவிட்டது. பிந்தைய கணக்குகளில் அந்த வகைச் சாலைகளில் காயமடைந்தோர் எண்ணிக்கை குறைந்தது. ஒரே நாளில் எல்லாச் சாலைக்கும் என்று கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கும், தாக்குப்பிடித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் அதுவே சாட்சி. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992இலேயே முக்கியச் சாலைகளை விட்டுவிட்டு மற்ற எல்லாத் தெருவுக்கும் 30 என்றது. நமக்கும் அதுவே உகந்த வழி என்பது என் எண்ணம். மெயின் ரோட்டை முதலில் தொடாதீர்கள்.

நேரம் வீணாகும் என்பார்கள். அரைக் கிலோமீட்டர் தெருவை 50இல் கடக்க 36 வினாடி, 30இல் கடக்க 60 வினாடி. 24 வினாடிக்காக நடக்கும் சண்டை இது. அதுவும் நடுவில் ஒரு மாடோ குப்பை வண்டியோ குறுக்கே வராமல் இருந்தால்தான்.

கடைக்காரரிடம் வேறு விதமாகப் பேசுங்கள். 60இல் போகிறவர் கடைப் பெயர்ப்பலகையைப் படிப்பதில்லை.

நீதிமன்றத்துக்குப் போகலாமா?

கடைசியாகப் போகலாம். அதற்கு முன் ஏற்கெனவே கிடைத்திருப்பதைப் பயன்படுத்துங்கள். கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில்தான் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு வந்தது. 2017 நவம்பர் 30 தீர்ப்பு, மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு, சாலைகளின் பாதுகாப்புத் தணிக்கை, வேகம் குறைக்கும் அமைப்புகள் என்று பலவற்றையும் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. உடைந்த எலும்புகளை ஒட்டிக்கொண்டிருந்த மருத்துவர் தொடுத்த வழக்கு அது. மாவட்டக் குழு கூடவே இல்லை என்றோ, உங்கள் மனுவை எடுக்கவில்லை என்றோ தகவல் உரிமைப் பதிலில் தெரிந்தால், அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு ஆட்சியருக்கு எழுதுங்கள். பல நேரம் அதுவே போதும்.

எல்லாம் கிடைத்தது. ஒரே ஆண்டில் புதுச் சாலை போட்டார்கள், வேகத்தடையும் கோடும் காணாமல் போய்விட்டன. திரும்பவும் முதலிலிருந்தா?

தமிழ்நாட்டில் மிக வழக்கமாக நடப்பது இதுதான். புதிய சாலையின் மதிப்பீட்டில் தாரும் ஜல்லியும் இருக்கும். வேகத்தடை, கடவை, வெள்ளைக்கோடு, பலகை ஆகியவை இருக்காது, அல்லது "பிறகு" என்று இருக்கும். எனவே சாலை தோண்டப்படுவதற்கு முன்பே, மதிப்பீடு தயாராகும் கட்டத்தில், உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள்: ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற அமைப்புகள் இவை, இந்த இடங்களில் இருந்தன, ஒப்பந்தத்திலேயே சேர்க்கவும். பழைய ஒப்புதல் ஆணையின் நகலையும் முன்பு எடுத்த புகைப்படங்களையும் இணையுங்கள். சங்கத்தின் செயலாளர் மாறினாலும் இந்தக் கோப்பு மாறாமல் கைமாற வேண்டும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் சேருங்கள். இல்லாவிட்டால் சாலை உயர்ந்து, நடைபாதை பள்ளமாகி, மழைநீர் வீட்டுக்குள் வந்து, அடுத்த மனு வேறு எழுத வேண்டியிருக்கும்.

சாலை அமைப்பதில் விதிக்கப்பட்ட தரத்தை மீறி, அதனால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பான அமைப்புக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 198 ஏ என்ற பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்தது. கடிதத்தின் கடைசி வரியில் அந்த எண்ணை மட்டும் குறிப்பிடுங்கள், மிரட்ட வேண்டாம். வேலை முடிந்து, ஒப்பந்ததாரருக்கான இறுதிப் பட்டியல் தொகை வழங்கப்படுவதற்கு முன் தெருக்காரர்கள் நாலு பேராவது அளவு நாடாவோடு போய்ப் பார்த்துவிட வேண்டும். பணம் போன பிறகு வெள்ளைக்கோடு வருவது அபூர்வம்.